அப்பாவை மலைக்கு அழைத்துப் போகலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நம் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில், இஞ்சசூட்டி முகாமில் பிள்ளைகளோடு கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்க ஆசை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டர்பன் கடலில் தூண்டில் போட்டே பழகியவர். கூப்பிட்டால், "அதெல்லாம் வெள்ளைக்காரன் போகிற இடம், நமக்கென்ன வேலை?" என்கிறார். வற்புறுத்தலாமா? அவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

ர., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

கண்டிப்பாக அழைத்துப் போங்கள்.

அப்பா சொல்வதை வீண் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். கடற்கரை, பூங்கா, பெஞ்சு என்று எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரிக்க 1953இல் சட்டம் போட்டார்கள். 1990இல்தான் அதை எடுத்தார்கள். அவருடைய இளமை முழுக்க அதற்குள் போய்விட்டது. இந்தப் பேச்சு அவராகக் கற்றுக்கொண்டதல்ல. அவரோடு வாதாடாதீர்கள். ஆற்றங்கரையில் நிறுத்தித் தூண்டிலைக் கையில் கொடுங்கள்.

அங்கே கிடைப்பது டிரவுட். அதுவும் இந்த மண்ணின் மீன் அல்ல. இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு நம்மவர்களை ஏற்றிவந்த முதல் கப்பல் ட்ரூரோ 1860இல் டர்பன் வந்து சுமார் முப்பது வருடம் கழித்து, ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்த மீன். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

ஆனால் கடலில் ஈயம் கட்டி வீசுகிற கை இங்கே உதவாது. டிரவுட் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, கல்லுக்குப் பின்னால் அசையாமல் நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். அதனால் ஆறு ஓடிப்போகும் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, மெல்லப் போக வேண்டும். நிழல் தண்ணீரில் விழுந்தால் போதும், மீன் போய்விடும். பூச்சி மாதிரி இறகு கட்டிய சின்னக் கொக்கியை, மீனுக்கு முன்னால் ஓட்டம் வருகிற பக்கத்தில் விழவைத்து, ஓட்டத்தோடு மிதக்கவிட வேண்டும். முதல் நாள் ஒன்றும் மாட்டாது. பரவாயில்லை, பொறுமை அப்பாவுக்குப் புதிதில்லை. மீன்பிடி உரிமம் மட்டும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

எப்போது போவது? கோடையில் பிற்பகலானால் இடியும் மின்னலும், வெட்டவெளியில் ஒதுங்க இடமிருக்காது. ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம், ராத்திரி உறைபனி, சில சமயம் பனிப்பொழிவே உண்டு, வயதானவருக்கு வேண்டாம். ஏப்ரல் கடைசிதான் என் தேர்வு. புனித வெள்ளியை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் திருவிழாவும் முடிந்திருக்கும்.

நடைக்கு வருவோம். பேட்டில் கேவ் என்ற குகையில், இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் தீட்டிய ஓவியங்களைப் பிள்ளைகள் அவசியம் பார்க்கட்டும். வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். மேடும் பள்ளமுமாகக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். அப்பா அன்றைக்கு ஆற்றோரமே இருக்கட்டும், துணைக்கு ஒருவர் கட்டாயம். மஃபாடி சிகரம், சுமார் 3,450 மீட்டர், இந்த முறை பேச்சே வேண்டாம். கிளம்பும்முன் மலைப் பதிவேட்டில் எல்லார் பெயரையும் எழுதுங்கள். யாராவது திரும்பாவிட்டால் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

அப்புறம், சாப்பாட்டை வெளியே வைக்காதீர்கள். பபூன் குரங்குகள் கூடாரத்தைக் கிழித்தாவது எடுத்துவிடும். முழங்கால் வலி இருந்தால் அப்பாவைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். முகாமிலேயே குடில்கள் இருக்கின்றன. அவருக்கு ஒன்று பதிவு செய்துவிட்டு, பிள்ளைகளோடு நீங்கள் கூடாரத்தில் படுங்கள்.

அன்புடன்,
அக்கா