எட்டு ஷில்லிங் பிள்ளை

அன்புள்ள ஐயா,

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ரூசோ, கான்ட் போன்ற தத்துவவாதிகள் வந்ததால்தான் மேலைநாட்டுப் பிள்ளைகள் சுயமாகச் சிந்திக்கிறார்கள். நாம் இன்னும் மனப்பாடத்தில் கிடக்கிறோம். சரிதானா? இதுபற்றி எதைப் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காலையில் பேத்தியைப் பள்ளியில் விடப்போனேன். வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ ஃபிளெக்ஸ். எரிச்சலோடு திரும்பினால் உங்கள் கடிதம்.

கான்ட்டை விடுங்கள், எனக்கே பாதிதான் புரியும். ரூசோவைப் படியுங்கள். ஆனால் பள்ளிக்கு மானியம் ஒதுக்கியவர் ரூசோ இல்லை சார், ராபர்ட் லோ மாதிரி ஆட்கள். இங்கிலாந்தில் கல்வித் துறையைக் கவனித்த அரசியல்வாதி அவர். 1862-இல் அவர் கொண்டுவந்த விதி இது: ஆறு வயதைத் தாண்டிய பிள்ளை ஒழுங்காக வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பள்ளி இன்ஸ்பெக்டர் முன்னால் தேறினால் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம். ஒன்றில் கோட்டைவிட்டால் 2 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது மூன்றில் ஒரு பங்கு, பிடித்தம். வாத்தியார் கண்ணுக்குப் பிள்ளை எப்படித் தெரிந்திருக்கும்? 1867-இல் நகரத் தொழிலாளிக்கு ஓட்டு வந்தது. அதை எதிர்த்துத் தோற்ற அதே லோ, இனி ஓட்டுப்போடப்போகும் வருங்கால எஜமானர்களுக்கு எழுத்தறிவித்தாக வேண்டும் என்று பேசினார். 1870-இல் கல்விச் சட்டம் வந்தது. ஷில்லிங் கணக்கு மட்டும் 1890 வரை போகவில்லை.

அப்போது இன்ஸ்பெக்டராக இருந்தவர் கவிஞர் மாத்யூ அர்னால்டு. ஒரே புத்தகத்தை உருப்போடவைத்து, வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்பில் தேறவைத்துவிடுகிறார்கள் என்று அறிக்கையில் புலம்பினார். மனப்பாடம் நம் சொத்து என்கிறீர்கள்! (பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை நம் எழும்பூரிலிருந்து ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது வேறு கதை. அதை வைத்துப் பெருமை பேசி எனக்கு யாரும் எழுத வேண்டாம்.)

எங்கள் ஆரம்பப் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன் அன்று எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வகுப்பு கிடையாது. கிணற்றில் இறைத்து வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எனக்கு ‘ர’வும் ‘ற’வும் தகராறு. வாத்தியார் கெட்டவர் இல்லை. மத்தியானம் தன் தூக்குச்சட்டியிலிருந்து எங்களுக்குப் புளிச்சோறு வைத்தார். “சத்தம் போடாம இருங்கடா” என்றபோது மட்டும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கன்றுகளைப் பார்த்தார். இறைத்ததில் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. அம்மாவிடம் கபடி விளையாடினேன் என்று சொன்னேன்.

நீங்கள் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? அதை எழுதுங்கள். புத்தகப் பட்டியல் பிறகு அனுப்புகிறேன்.