அடிப்பக்கத்தை இரட்டித்தால் பெரிதா, உயரத்தை இரட்டித்தால் பெரிதா?

உயர்நிலை 2 படிக்கும் பிள்ளை கேட்டது: சதுர அடி கொண்ட பிரமிடில் அடிப்பக்கத்தை இரட்டித்தால் கனஅளவு அதிகமா, உயரத்தை இரட்டித்தால் அதிகமா?

அடிப்பக்கம்தான். கனஅளவு என்பது அடிப்பரப்பு × உயரம் ÷ 3. பக்கம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், கனஅளவும் நான்கு மடங்கு. உயரம் இரட்டித்தால் இரண்டு மடங்குதான். இரண்டையும் இரட்டித்தால் எட்டு. அந்த ÷ 3 இரு பக்கமும் பொதுவாக இருப்பதால் ஒப்பிடும்போது அதைத் தொடவே வேண்டாம். ஆனால் உயரம் என்றால் உச்சியிலிருந்து நேர்க்குத்தாக, சாய்வு உயரம் இல்லை. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, என் மகளுக்குச் சூத்திரத்தில் மனசு ஒட்டவில்லை. 240 கிராம் சப்பாத்தி மாவை, கடையில் வாழையிலையில் மடித்து விற்கும் குவே கோச்சி என்ற மலாய்ப் பலகாரம் மாதிரி பிரமிடாகப் பிடித்து, பாதி உயரத்தில் அடிக்கு இணையாக நூலால் அறுத்தோம். மேல்துண்டு கால் பங்காவது இருக்கும் என்றாள். தராசில் 31 கிராம்! பக்கமும் உயரமும் பாதியானால் எட்டில் ஒரு பங்கு, அதாவது 30 வர வேண்டும், மீதி ஒரு கிராம் நூல் கொஞ்சம் சாய்ந்ததால்.

அப்புறம் எகிப்தின் கீசாவில் உள்ள பிரமிடுகளைப் பாருங்கள். கட்டியபோது கூஃபு பிரமிடின் உயரம் சுமார் 146 மீட்டர், மென்கௌரேயுடையது சுமார் 65. உயரம் இரண்டேகால் மடங்குதான், சாய்வு கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் கனஅளவோ சுமார் 11 மடங்கு.