ஆட்டிசத்தைக் காட்டித் தட்டிக்கழிக்கும் டாக்டர்

"ஆட்டிசத்தால்தான் உங்களைப் பெண்ணாக நினைக்கிறீர்கள், முதலில் அதைச் சரிசெய்வோம்" என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள், தோழி. ஆட்டிசம் சரிசெய்கிற நோயே இல்லை, அப்புறம் என்ன 'முதலில்'? ஆட்டிசமும், பிறப்பில் குறித்த பாலினத்திலிருந்து வேறான அடையாளம் கொண்ட திருநராக இருப்பதும் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை. 2020இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில், திருநர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகமாகத் தெரிந்தது.

பாலின அடையாளத்தை மாற்றப் பார்க்கும் சிகிச்சையைத் தடை செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. வேறு மருத்துவரைப் பாருங்கள். போனிலேயே கேட்டுவிடுங்கள்: திருநர்களைப் பார்த்த அனுபவம் உண்டா?

சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். நானும் அப்படித்தான், வாய் திறந்தால் பாதி மறந்துபோகும். டியூப்லைட் கண்ணை உறுத்தினால் அணைக்கச் சொல்லலாம், முகம் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றில்லை.