மெக்கானிக்கைக் கேளுங்கள்: புது டியூப் ஏன் கிழிகிறது?

கேள்வி: அப்பா ஓட்டிய 2003 மாடல் ஸ்ப்ளெண்டரின் பின் டயரை வீட்டிலேயே மாற்றினேன். பழையதைக் கழற்றவே பெரும்பாடு. புதியதை மாட்டிக் காற்றடித்தால் நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தால் புது டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல். என்ன காரணம்?
- ஒரு வாசகர், அரூர்

பதில்: இரண்டும் டயரை நெம்பும் லிவர் போட்ட கீறல் தம்பி. டயர் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் சிக்கியிருந்தபோது அழுத்தியிருக்கிறீர்கள். அவ்வளவு அழுத்த வேண்டி வந்ததற்கான காரணம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

ரிம்மைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மேடாகவும் நடு பள்ளமாகவும் இருக்கும். டயர் விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறது. இழுத்தால் அது ஒரு நூல்கூட நீளாது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே விளிம்பை அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளரும். இறக்காமல் எத்தனை நீள லிவர் போட்டாலும் ரிம் வளையும், டியூப் கிழியும், டயர் மட்டும் ஏறாது. அதனால் எதிர்ப்பக்கத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டே வேலை செய்யுங்கள்.

வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. ஆகவே கழற்றும்போது வால்வுப் பக்கம் தொடங்குங்கள், மாட்டும்போது வால்வுப் பக்கம் முடியுங்கள். முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்தால், அடியில் மாட்டிய டியூப் விடுபடும். லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். ஆசைப்பட்டு அகலமாகப் பிடிக்காதீர்கள்.

பழைய டயர் இறுகிப்போயிருக்கும். மாற்றும் முன் நல்ல வெயிலில் போடுங்கள். வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கி, குதிகாலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மிதியுங்கள். விடாவிட்டால் டயர்மேல் ஒரு பலகை வைத்து, இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் ஊன்றிச் சாயுங்கள். விளிம்புக்குச் சோப்புத் தண்ணீரே போதும். எஞ்சின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டவே வேண்டாம். அவை ரப்பரைக் கெடுக்கும். பிரேக் பிடிக்கையில் டயர் ரிம்மில் வழுக்கி வால்வையும் பிய்த்துவிடும்.

டியூபுக்கு லேசாகக் காற்றடித்து, முகப்பவுடர் தடவி உள்ளே விடுங்கள். ரிம்மின் உள்பக்கம் ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். துருத்தும் ஸ்போக்ஸ் முனைகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுழலும் திசைக்கு அது இருக்க வேண்டும். காற்றடித்து, இறக்கி, மறுபடி அடித்தால் டியூபின் மடிப்பு நேராகும். தனியாகப் போனால் 28 பவுண்டு வையுங்கள். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காதீர்கள். டயர் நழுவினால் வால்வு சாய்ந்து நமக்குக் காட்டிக்கொடுக்கும்.

கடையில் 2.75-18 என்று அளவு சொல்லிக் கேட்டால் மட்டும் போதாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம் செய்தது. பல வருடம் கடையில் கிடந்த டயர் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கழற்றிய டயரைப் போகிக்கு எரித்துவிடலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: கூடாதம்மா. அந்தப் புகை நஞ்சு. 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குப் போயின. மொட்டை மாடியிலும் போடாதீர்கள். தேங்கும் மழைநீரில் டெங்கு கொசு முட்டையிடும். டயர் வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் காயலான் கடையில் போடுங்கள்.