மகளுக்கு 'எழில்' என்ற பெயர்: ஆண் பெயர் என்கிறார்களே?

வணக்கம். மகளுக்கு 'எழில்' என்று வைக்க ஆசை, மாமியார் வீட்டில் அது ஆண் பெயர் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் சொல்வதிலும் காரணம் இருக்கிறது. பலருக்கும் தெரிந்த எழில் திரைப்பட இயக்குநர், அவர் ஆண். ஆனால் பெயர் இருபாலுக்கும் பொது. எழிலன், எழில்வேந்தன் என்றால் ஆண், எழிலரசி, எழில்மதி என்றால் பெண்; வெறும் எழிலாக நின்றால் யாருக்கும் பொருந்தும். தமிழ், முகில், அன்பு எல்லாம் இதே வகைதான். நம் ஊர் முன்னெழுத்தும் பாலைக் காட்டாது. அதனால் பார்க்காமல் பெயரை மட்டும் படிப்பவர்கள் சில நேரம் 'திரு' போட்டுவிடுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால் தாராளமாக வையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை ழகரம்தான். தமிழ்நாட்டில் அதற்கு 'இசட் எச்' போடுவார்கள், இலங்கையில் வெறும் 'எல்'. வெளிமாநிலத்தில் 'எசில்' என்றுகூடக் கூப்பிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுதும் எழுத்துக்கூட்டலே ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் வரட்டும்.

அவசரமும் இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம்; 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்குள் மாமியாரை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். மசியவில்லையா, சான்றிதழில் எழிலரசி, வீட்டில் எழில்!