கழுதைத் தலை வேண்டாம், பனி உருண்டை போதும்

வணக்கம். அமெரிக்க செனட் அவைக்கு 2015 பிப்ரவரி 26 அன்று பனி உருண்டையைக் கொண்டுவந்து, வெளியே குளிர்கிறதே என்று புவி வெப்பமாதலை மறுத்த ஒக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃபை நீங்கள் கழுதைத் தலையுடன் வரைந்ததாகவும், அதைக் கண்ட உங்கள் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும், கண்காட்சிக்கு முன் எதை மாற்றுவது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அந்தத் தலையை எடுத்துவிடுங்கள். அது வாதத்தைத் தொடாமல், அப்படி நினைக்கும் அனைவரையும் இழிவுபடுத்துகிறது. உங்கள் சித்தப்பா தம்மைத்தான் வரைந்திருப்பதாக எண்ணியிருப்பார்.

கேலிக்குரியது அந்த உருண்டைதான். வாஷிங்டனின் அன்றைய குளிர் ஒரு நாளின் வானிலை. காலநிலை என்பதோ பொதுவாக 30 ஆண்டுகளின் சராசரி. மேலும், அதுவரை பதிவான ஆண்டுகளில் 2014தான் மிக வெப்பமானது என்று நாசா அறிவித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆகவே உருண்டையைப் பெரிதாக, உள்ளங்கைச் சூட்டில் உருகி விரலிடுக்கில் சொட்டும்படி வரைந்து, அந்த நீர் மேசையிலுள்ள 2014 நாட்காட்டியை நனைப்பதாகக் காட்டலாம்.

அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஜோயல் பெட் 2009 டிசம்பரில் கோப்பன்ஹேகன் காலநிலை மாநாட்டையொட்டி வரைந்த கேலிச்சித்திரத்தை அவசியம் பாருங்கள். மேடைத் திரையில் தூய காற்று, தூய நீர் என்று நன்மைகள் வரிசையாக நிற்க, கூட்டத்தில் ஒருவர், புவி வெப்பமாதலே புரளியாக இருந்து, வீணாக நல்லதோர் உலகை நாம் உருவாக்கிவிட்டால் என்னாவது என்று கேட்கிறார். அவரை விகாரமாக்கத் தேவையே இருக்கவில்லை, அவர் கேள்வியே அவரை மடக்கிவிடுகிறது.

படத்தின் கீழே நாளையும் இடத்தையும் மட்டும் எழுதுங்கள். சித்தப்பாவிடம் மீண்டும் காட்டும்போது விளக்கம் சொல்லாமல், அவராகக் கேட்கும்வரை காத்திருங்கள்.