ரவுட்டருக்குள் கை வைக்கலாமா? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், வீட்டு ரவுட்டரின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறந்து பார்ப்பதில் தவறில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி, திறக்கலாமா என்று கேட்பவை. மீதி, திறந்த பிறகு இணையம் போய்விட்டதே என்று திட்டுபவை. தொலைபேசி நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆகையால் இந்த முறை முழுக்க ரவுட்டர்தான்.

வீட்டில் நான்கு கேமராக்கள் இருக்கின்றன. மஸ்கட்டிலிருக்கும் மகன் அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்கிறான். ஒரு வீடியோவைப் பார்த்து ‘போர்ட் ஃபார்வர்டிங்’ செய்தேன். பத்து முறை சரிபார்த்துவிட்டேன். அவனுக்குத் திறக்கவே இல்லை. நான் செய்த தவறு என்ன? – கும்பகோணம் வாசகர்

நீங்கள் தவறு செய்திருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் பாருங்கள். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து (பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதை அடித்து) உள்ளே போனால் ‘ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் ‘வான் ஐபி’ (வெளியுலகத்துக்கான முகவரி) என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது? 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ அந்த வீடியோவை மூடிவிடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு நூற்பாலைக்கு வெளியுலகத்துக்கென்று ஒரே தொலைபேசி எண்தான் இருக்கும். உள்ளே நாற்பது எக்ஸ்டென்ஷன். உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே பேசலாம். வெளியிலிருந்து வரும் அழைப்போ, போர்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரைத் தாண்டித்தான் 23ஆம் எண் அறைக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டு ரவுட்டர் செய்வது அந்த ஆபரேட்டரின் வேலைதான். போர்ட் ஃபார்வர்டிங் என்பது, ‘இன்னாரைக் கேட்டு யாராவது கூப்பிட்டால் 23க்குக் கொடு’ என்று அவரிடம் எழுதிக் கொடுத்த சீட்டு. நீங்கள் சீட்டைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆபரேட்டரே இன்னொரு பெரிய போர்டின் எக்ஸ்டென்ஷனாக இருக்கிறார். அந்தப் பெரிய போர்டு உங்களுக்கு இணையம் தரும் நிறுவனத்திடம் இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து வரும் அழைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. உங்கள் சீட்டை அங்கே யாரும் பார்க்கவில்லை.

இதில் நிறுவனத்தின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது. இருக்கிற ஒரு முகவரியை நூறு வீடுகளுக்குப் பங்கு போட வேண்டிய நிலை. மேலே சொன்ன 100.64 வரிசையை 2012இல் இந்தப் பங்கீட்டுக்கென்றே தனியாக ஒதுக்கினார்கள்.

செய்யக்கூடியது மூன்று. கேமரா நிறுவனத்தின் செயலியிலேயே க்யூஆர் குறியைக் காட்டி இணைப்பது ஒன்று. இதில் கேமராவும் மகனின் கைப்பேசியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே அழைத்து, நடுவிலுள்ள ஒரு சர்வரில் சந்தித்துக்கொள்கின்றன. ஆபரேட்டர் குறுக்கே வருவதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கு இது போதும். இரண்டாவது, நிறுவனத்திடம் ‘ஸ்டாட்டிக் ஐபி’, அதாவது உங்களுக்கென்றே மாறாத ஒரு முகவரி, கேட்டு வாங்குவது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். மூன்றாவது, புதிய வகை முகவரியான ஐபிவி6. அதில் முகவரிப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு கேமராவுக்கும் உலகம் அறிந்த எண் தரலாம். ஆனால் ரவுட்டரின் ஃபயர்வாலில் (வெளியார் நுழையாமல் தடுக்கும் சுவரில்) வழி திறந்துவிட வேண்டும், மகன் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். கேமராவும் அதற்கு ஒத்துவர வேண்டும். உங்களுக்கு முதல் வழியே உத்தமம்.

எந்த வழியானாலும், கேமராவோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வெளியுலகத்துக்குக் கதவு திறக்காதீர்கள். 2016இல் ‘மிராய்’ என்றொரு நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதற்குப் பெரிய சூட்சுமம் எதுவும் தேவைப்படவில்லை. ஆலையிலிருந்து வரும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது. அவ்வளவுதான்.

8.8.8.8 என்று போட்டால் வேகம் கூடும் என்கிறார் தம்பி. உண்மையா? பிள்ளைகள் கண்ட தளத்துக்கும் போகாமல் தடுக்க இதிலேயே வழி உண்டாமே? – மதுரை வாசகி

197 நினைவிருக்கிறதா? பெயரைச் சொன்னால் தொலைபேசி எண்ணைத் தேடிச் சொல்வார்கள். டிஎன்எஸ் என்பது இணையத்தின் 197. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும். 197இல் எடுப்பவர் சுறுசுறுப்பானவராக இருந்தால் எண் சீக்கிரம் கிடைக்கும். அதற்குப் பிறகு நீங்கள் பேசும் பேச்சு வேகமாகிவிடாது. 8.8.8.8 கூகுள் 2009இல் தொடங்கிய டிஎன்எஸ், 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் 2018இல் தொடங்கியது. உங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ் அடிக்கடி மயங்கி விழுகிறது என்றால் மாற்றுங்கள். இல்லையேல் வித்தியாசமே தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் பலன் உண்டு. 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களும் ஆபாசத் தளங்களுக்கும் நச்சுத் தளங்களுக்கும் எண் சொல்ல மறுத்துவிடும். கைப்பேசியில் போடாமல் ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு எண் கொடுக்கும்) பக்கத்தில் டிஎன்எஸ் என்ற இடத்தில் இவற்றைப் போட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் சேரும். கைப்பேசியின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ அமைப்பை மாற்றி இதைத் தாண்டலாம் என்பது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். பத்து வயதுவரை இந்த வேலி நிற்கும்.

மாடியில் வைஃபை வராததால் புது ரவுட்டர் ஒன்று வாங்கி, கீழே இருக்கும் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினேன். மாடியில் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் மாடியிலிருந்து கீழே இருக்கும் பிரிண்டரில் அச்செடுக்க முடியவில்லை. கைப்பேசியிலிருந்து டிவிக்குப் படமும் போகவில்லை. – திருப்பூர் வாசகர்

ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார்களைக் கொண்டுவந்துவிட்டீர்கள். கீழ்ப்பெட்டி ஒரு ரவுட்டர். புதிதாக வாங்கியதும் ரவுட்டர். கீழ்ப்பெட்டியிலிருந்து வரும் ஒயரைப் புதியதன் ‘வான்’ துளையில் செருகியிருப்பீர்கள். (இது வானத்தைக் குறிக்கும் வான் அன்று, வெளிவலைக்கான துளை.) உடனே அது மாடியைத் தனிக்குடித்தனமாக்கி, தனி எண் வரிசை கொடுத்து, நடுவே சுவர் எழுப்பிவிட்டது. இணையம் சுவரைத் தாண்டி வெளியே போகும். பிரிண்டரையும் டிவியையும் தேடும் குரல் மாடியைத் தாண்டாது.

புதிய ரவுட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். இரண்டையும் இணைக்கும் ஒயரை எடுத்துவிட்டு, மடிக்கணினியைப் புதியதோடு மட்டும் இணைத்து உள்ளே போங்கள். முதலில் டிஎச்சிபியை அணையுங்கள். பிறகு அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். கீழே 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. அந்த எண்ணைக் கீழ்ப்பெட்டி வேறு யாருக்கும் கொடுத்துவிடாதபடி, அதன் டிஎச்சிபி வரிசை 10க்கு மேல் தொடங்குமாறு வையுங்கள். கடைசியாகக் கீழிருந்து வரும் ஒயரை ‘வான்’ துளையில் செருகாமல், வீட்டுக்குள்ளான ‘லேன்’ துளைகளில் ஒன்றில் செருகுங்கள்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்று என் சம்பந்தி வீட்டில் கற்றுக்கொண்டேன். டிஎச்சிபி என்பது வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுப்பவர். நான் மாட்டிவிட்டு வந்த பிறகு அந்த வீட்டில் எண் கொடுப்பவர்கள் இரண்டு பேர். யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததுதான் எண். கீழ்ப்பெட்டி முந்தினால் இணையம் உண்டு; நான் மாட்டியது முந்தினால் வழியில்லாத ஊருக்கு வழி சொல்லி அனுப்பிவிடும். சம்பந்திக்கு வரும், சம்பந்தியம்மாளுக்கு வராது, மறுநாள் மாறிவிடும். பத்து நாட்கள் அந்த நிறுவனத்து லைன்மேனைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். ஆடி அழைப்புக்குப் போன இடத்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, ‘இப்போது பாருங்கள், லைனைச் சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் இந்த இதழை வாங்குவதில்லை.

வேகம் குறைந்ததால் பின்புறம் இருந்த ‘ரீசெட்’ துளையில் ஊக்கால் குத்தினேன். இப்போது இணையமே இல்லை. ‘பான்’ விளக்கு பச்சையாகத்தான் இருக்கிறது. – ராமநாதபுரம் வாசகர்

பச்சை என்றால் ஃபைபர் பிழைத்திருக்கிறது. ‘எல்ஓஎஸ்’ சிவப்பாக எரிந்தால்தான் கம்பியில் கோளாறு. நீங்கள் அழித்தது பெட்டியின் நினைவை. இணைப்பு ‘பிபிபிஓஇ’ வகையாக இருந்தால் அதற்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பல இடங்களில் ‘விலான்’ என்று ஓர் எண்ணும் உண்டு. மூன்றும் போய்விட்டன. கேபிள்காரரைக் கூப்பிட்டு மூன்றையும் கேளுங்கள். அவரே வந்து போட்டுவிட்டுப் போக அனுமதிக்காமல், காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அட்வான்ஸ்டு பக்கத்தில் எதையும் தொடுவதற்கு முன், பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரு நாள் ஓடவிட்டுப் பாருங்கள். நிலையத்தில் எங்களுக்கு ஒரு தடித்த நோட்டு இருக்கும். எந்த ஒயரைக் கழற்றினாலும் கழற்றும் முன்பே அதில் எழுத வேண்டும். எழுதாமல் கழற்றியவனுக்கு அன்று மாலை வீடு கிடையாது.

புது ரவுட்டர் மாற்றியதிலிருந்து எல்லாம் நன்றாக இருக்கிறது. வங்கித் தளம் ஒன்று மட்டும் பாதி திறந்து அப்படியே நிற்கிறது. கைப்பேசி டேட்டாவில் போனால் அதே தளம் திறக்கிறது. – நாகர்கோவில் வாசகர்

இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இது வங்கியின் தவறாக இருக்காது. ‘எம்டியு’ என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு தடவையில் அனுப்பக்கூடிய தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு அது. சாதாரணமாக 1500 பைட். பிபிபிஓஇ இணைப்பில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 8 பைட் உறை ஒன்று சுற்றப்படும். ஆகையால் உள்ளே இடம் 1492தான். உங்கள் புது ரவுட்டரில் 1500 என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரயில்வே சுரங்கப்பாலத்தில் உயரத் தடுப்பு போட்டிருப்பார்கள் அல்லவா? வைக்கோல் லாரி முட்டும், மற்ற வண்டிகள் போகும். இங்கும் சின்னப் பொட்டலங்கள் போய்விடும், பெரியவை முட்டி விழும். முட்டியதும் ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கு’ என்று அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. பாதுகாப்பு என்ற பெயரில் சில தளங்கள் அந்தத் தகவலை வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. அவர்களோ அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள், நீங்கள் பாதிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

1492 என்று மாற்றிப் பாருங்கள். உறுதி செய்ய வேண்டுமானால், கணினி தெரிந்தவர் யாரிடமாவது ‘துண்டாக்காதே’ என்ற குறியுடன் 1464 பைட் ‘பிங்’ (சோதனைப் பொட்டலம்) அனுப்பச் சொல்லுங்கள். அதோடு பொட்டலத்தின் தலைப்பு 28 பைட் சேர்ந்து 1492. 1464 போய், 1465 போகாவிட்டால் கணக்குச் சரி.

அடுக்ககத்தில் முப்பது வைஃபை பெயர்கள் தெரிகின்றன. எந்தச் சேனல் நல்லது? – சென்னை வாசகி

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11. இந்த மூன்றுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. காலியாக இருக்கிறதே என்று 3ஐ எடுத்தால் 1இல் இருப்பவருக்கும் 6இல் இருப்பவருக்கும் சேர்த்துத் தொல்லை கொடுப்பீர்கள், வாங்கவும் செய்வீர்கள். சேனலின் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். கைப்பேசியும் டிவியும் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். பெட்டியை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து வெளியே எடுத்தால் இதில் எதுவுமே தேவைப்படாமல் போகலாம்.

வைஃபை பெயரை மறைத்துவைத்தால் பாதுகாப்பா? – சேலம் வாசகர்

இல்லை. தேடத் தெரிந்தவருக்கு அது தெரியும், விருந்தாளிக்குத்தான் தெரியாது. அதற்குப் பதில், பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கும் ‘டபிள்யூபிஎஸ்’ வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது.

இரவில் ரவுட்டரை அணைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா? – கரூர் வாசகி

அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அதிகபட்சம் 12 வாட். தினம் எட்டு மணி நேரம் அணைத்தால் இரண்டு மாத மின்கணக்கில் ஆறு யூனிட்கூடத் தேறாது. அந்தப் பெட்டியிலேயே வீட்டுத் தொலைபேசியையும் மாட்டியிருந்தால் இரவில் அதுவும் ஒலிக்காது. பழைய தொலைபேசிக்கு நிலையத்து பேட்டரியிலிருந்தே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. புயலில் ஊரே இருண்டு கிடந்தாலும் மணி அடிக்கும். கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு, 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்றை அந்தப் பெட்டிக்கு வாங்கி வையுங்கள்.